வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம், எந்தப் பாடத்திட்டம் எடுப்பது? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் வைத்தே படிக்க வைக்கிறோம். புதிதாக ஹோம் ஸ்கூலிங் தொடங்கும் அம்மா அப்பாக்கள் எங்களிடம் முதலில் கேட்பது பாடத்திட்டத்தைப் பற்றித்தான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பங்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதலில் இதைச் சொல்லுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது சட்டப்படி சரியா?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அப்படிச் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தப் பிரிவு வைக்கவில்லை. ஹோம் ஸ்கூலிங்கை அனுமதிக்கவோ தடுக்கவோ தனியாக ஒரு சட்டமும் இல்லை. நாட்டில் பல குடும்பங்கள் இந்த நிலையில்தான் வெளிப்படையாகவே பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்கின்றன.

இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பிள்ளை என்ன படிக்கிறது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு நோட்டுகள், வாசித்த புத்தகங்களின் பட்டியல், தேதி போட்ட சில பக்கங்கள் கையில் இருக்கட்டும். இடையில் பள்ளியிலிருந்து எடுப்பதாக இருந்தால் டி.சி.யை முறையாக வாங்கி, பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் ஈமிஸ் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டம், போர்டு, பாடப்புத்தகம் எல்லாம் ஒன்றுதானே?

மூன்றும் வேறு வேறு. பாதிக் குழப்பம் இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் வருகிறது.

எந்த வயதில் என்ன கற்க வேண்டும், எந்த வரிசையில் என்ற திட்டம் பாடத்திட்டம். அதைப் பிள்ளையிடம் கொண்டுசேர்க்கும் கருவிகளில் ஒன்று பாடப்புத்தகம். போர்டு என்பது தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் அமைப்பு. பள்ளியில் இவை மூன்றும் ஒரே கட்டாக வருகின்றன. வீட்டில் அந்தக் கட்டை அவிழ்த்துவிடலாம். கணக்குக்கு ஒரு புத்தகம், தமிழுக்கு வேறு ஒன்று, அறிவியலுக்குப் புத்தகமே இல்லாமல் சில மாதங்கள், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இவற்றோடு சம்பந்தமே இல்லாத ஒரு போர்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு நீங்கள் இன்று எடுக்கிற கணக்குப் புத்தகம், அது பதினைந்து வயதில் எழுதப்போகும் தேர்வைத் தீர்மானிக்காது.

அப்படியென்றால் தொடங்கும்போது என்னதான் வாங்குவது?

முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பயத்தில் வாங்கும் பாடத்திட்டம் அலமாரியில்தான் கிடக்கும்.

அந்த ஒரு மாதம் பிள்ளையைப் பாருங்கள். தமிழில் ஒரு பக்கக் கதையைத் தானே வாசிக்கிறதா, எழுத்துக் கூட்டுகிறதா? 43இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் என்ன செய்கிறது? விரலை எண்ணுகிறதா, கடன் வாங்கும் முறையை மனப்பாடமாகச் செய்கிறதா, இல்லை 43இலிருந்து 20ஐ எடுத்துவிட்டு 3ஐத் திரும்பச் சேர்க்கிறதா? காலையில் சுறுசுறுப்பாக இருக்கிறதா, சாயங்காலமா? சொல்லித் தருவதைக் கேட்க விரும்புகிறதா, தானே செய்து பார்க்கத் துடிக்கிறதா? எதைச் செய்யும்போது சாப்பாட்டை மறக்கிறது? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு நிறைவதற்குள் எந்தப் பாடத்திட்டம் இந்தப் பிள்ளைக்குச் சரிவராது என்பதாவது தெரிந்துவிடும்.

இதே கேள்விகளை உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் உட்கார்ந்து அட்டை வெட்டி, பொருள்களை அடுக்கி வைக்க உங்களுக்குப் பொறுமை உண்டா? வேலைக்குப் போய்க்கொண்டே செய்யப் போகிறீர்களா? சொல்லித் தருகிறவருக்கு ஒத்துவராத பாடத்திட்டம், எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், இரண்டு மாதத்தில் நின்றுபோகும்.

சமச்சீர் புத்தகமா, என்.சி.இ.ஆர்.டி. புத்தகமா?

தமிழ்நாடு அரசின் சமச்சீர் புத்தகம், மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் இரண்டையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதனால் இது செலவு சம்பந்தப்பட்ட முடிவு இல்லை.

தமிழ்வழியில் படிக்க வைப்பதென்றால் தமிழ்நாடு அரசின் புத்தகங்களே முதன்மையானவை, ஏனென்றால் எல்லாப் பாடமும் தமிழில் இருக்கிறது. 2018இல் தொடங்கிப் படிப்படியாக வந்த புதிய புத்தகங்கள் முந்தையவற்றைவிட நன்றாக இருக்கின்றன. படங்களும் செயல்பாடுகளும் கூடியிருக்கின்றன. உயர்நிலை வகுப்புகளில் பாடம் கனமானது. வீட்டில் ஒரு பிள்ளையை உட்கார வைத்துப் பக்கம் பக்கமாக நடத்தினால் இருவருக்குமே மூச்சு வாங்கும். வேண்டிய அத்தியாயத்தை எடுத்து, வேண்டாததை விடுங்கள். அந்தச் சுதந்திரத்துக்காகத்தானே வீட்டில் படிக்க வைக்கிறோம்.

தொடக்க வகுப்புகளுக்குப் பாடப்புத்தகத்தைவிட எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்களையும் ஆசிரியர் கையேடுகளையும் பாருங்கள் என்பேன். 2022இல் அரசுப் பள்ளிகளுக்காக வந்த திட்டம் இது. பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரிக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் அரும்பிலிருந்து தொடங்கலாம், அதில் குறையொன்றும் இல்லை. ஆசிரியர் கையேட்டில் என்ன விளையாட்டு, என்ன பாட்டு, எதற்குப் பிறகு எது என்று விளக்கமாக இருக்கும். பி.எட். படிக்காத அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது பெரிய துணை.

என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் தமிழ்வழிக்கு ஆகாது. ஆனால் பிள்ளை ஆங்கிலத்தில் வாசிக்கும் என்றால் அவர்களின் கணக்குப் புத்தகங்களைப் பரிந்துரைப்பேன். 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு வந்த புதிய புத்தகங்களில், மூன்றாம் வகுப்புக்கான ‘மேத்ஸ் மேளா’வும் ஆறாம் வகுப்புக்கான ‘கணித பிரகாஷ்’ நூலும் 2024இல் வெளியாயின. வாய்பாட்டுக்குப் போகும் முன் பிள்ளையைக் கொஞ்சம் யோசிக்கவிடுகின்றன. எங்கள் வீட்டில் தமிழும் சமூக அறிவியலும் சமச்சீரிலிருந்து, கணக்கு என்.சி.இ.ஆர்.டி.யிலிருந்து. இப்படிக் கலப்பதை யாரும் தடுக்கவில்லை.

மாண்டிசோரி, சார்லட் மேசன், வால்டார்ஃப், அன்ஸ்கூலிங்… தலை சுற்றுகிறது. எதை எடுப்பது?

இவற்றில் எதையும் முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றின் உயிர்நாடி எது என்று தெரிந்துகொண்டு, உங்களுக்கு உதவுவதை எடுங்கள்.

மாண்டிசோரி முறையில் பிள்ளை கையால் தொட்டு, தன் வேகத்தில், தன் தவறைத் தானே கண்டுபிடித்துக் கற்கும். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தார். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான அவருடைய கல்விச் சிந்தனை பெரிதாக வளர்ந்தது அந்த மலையில்தான். மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்த முறையை மனதாரப் பரிந்துரைக்கிறேன். விலை கூடிய மரச்சாமான்கள் கட்டாயமில்லை. பருப்பைக் கிண்ணத்துக்குக் கிண்ணம் மாற்றுவது, துணி மடிப்பது, வெண்டைக்காய் நறுக்குவது, சட்டைக்குப் பொத்தான் போடுவது எல்லாம் அந்த முறையின் மையமே.

சார்லட் மேசன் இங்கிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர், 1842இல் பிறந்து 1923இல் மறைந்தவர். அவரிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டவை மூன்று: பாடம் குறுகியதாக இருக்க வேண்டும், நல்ல எழுத்தாளர் எழுதிய முழுப் புத்தகத்தை வாசிக்க வேண்டும், வாசித்ததைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு பைசா செலவில்லை. பிள்ளைக்கு எவ்வளவு புரிந்தது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பரீட்சை எனக்குத் தெரிந்து வேறில்லை.

வால்டார்ஃப் முறை 1919இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கியது. கதை, கைவேலை, இசை, ஓவியத்துக்கு முதலிடம் தரும், எழுத்தைத் தாமதமாகத் தொடங்கும். நம் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளை எழுதவில்லை என்றாலே உறவினர்கள் விடமாட்டார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்க முடிந்தால் எடுங்கள்.

அன்ஸ்கூலிங் என்ற சொல்லை 1970களில் பரப்பியவர் அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட். பாடத்திட்டமே இல்லாமல் பிள்ளையின் ஆர்வத்தை வைத்துக் கற்பது. பிள்ளையைச் சும்மா விட்டுவிடுவது என்று பலரும் இதை நினைக்கிறார்கள். உண்மையில் பெற்றோருக்கு வேலை அதிகம் உள்ள முறை இதுதான். பிள்ளை எறும்பைப் பற்றிக் கேட்டால் அன்றைக்கே லென்ஸும் புத்தகமும், எறும்பை அறிந்த ஒருவரும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து முழு ஆண்டுக்கும் பெட்டியாக வரும் பாடத்திட்டம் வாங்கலாமா?

வசதி இருந்தாலும் முதல் ஆண்டில் வேண்டாம். அமெரிக்கப் பெட்டியில் காசு என்றால் டாலரும் சென்ட்டும், அளவு என்றால் அங்குலமும் பவுண்டும், பருவம் என்றால் பனிக்காலம். நம் பிள்ளைக்கு ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும்தான் பருவம். தமிழ் அதில் இருக்காது, நம் வரலாறும் இருக்காது. இன்னொன்றும் உண்டு. பணம் போட்டு வாங்கிவிட்டால், பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்த பிறகும் விட மனம் வராது.

தமிழ் வாசிப்பை எப்படித் தொடங்குவது? அ, ஆ வரிசையில் 247 எழுத்தையும் முடித்துவிட்டா?

வரிசையாக எல்லாவற்றையும் முடிக்கும்வரை காத்திருந்தால் பிள்ளை ஒரு சொல்லைக்கூட வாசிக்காமல் பல மாதம் போய்விடும். ப, ட, ம என்று மூன்று எழுத்தும் மெய்ப்புள்ளியும் தெரிந்தால் போதும்: படம், மடம், பட்டம், மட்டம், பட்டப்படம் என்று பிள்ளை முதல் வாரத்திலேயே வாசிக்கும். தானே ஒரு சொல்லை வாசித்துவிட்டோம் என்று பிள்ளை உணரும் நாள் சீக்கிரம் வர வேண்டும். அப்புறம் அது உங்களை இழுத்துக்கொண்டு போகும். க, த, ர என்று எழுத்துகளைச் சேருங்கள், பிறகு துணைக்கால், கொம்பு. 216 உயிர்மெய்யையும் தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குறி என்ன ஒலி தருகிறது என்று பிடிபட்டால், பெரும்பாலானவற்றைப் பிள்ளை தானே கட்டிக்கொள்ளும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுபவை, அவற்றுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ண, ன, ந வேறுபாட்டுக்கும் ல, ள, ழ உச்சரிப்புக்கும் பல மாதங்கள் பிடிக்கும். பொறுங்கள்.

வாசிக்கப் புத்தகம் இல்லை என்ற கவலை வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை பிரித்து இலவசமாக இருக்கின்றன. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகளை வெளியிடுகிறது. அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளை வாய்விட்டுப் பாடுங்கள், அவை காதுக்காகவே எழுதப்பட்டவை. மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும், சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு.

ஆங்கிலவழியில்தான் படிக்க வைக்கப் போகிறோம் என்றாலும் முதலில் தமிழை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு தமிழில் சீரானது. வாசிப்பு என்றால் என்ன என்பதைப் பிள்ளை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் பேசும் மொழியில் வாசிப்பதால் பொருளும் உடனே புரியும்.

எனக்கே கணக்கு வராது. நான் எப்படிச் சொல்லித் தருவது?

இதைக் கேட்கும் அம்மாக்களிடம் நான் சொல்வது, உங்களுக்குக் கணக்கு வராது என்று யாரோ சிறுவயதில் முடிவு கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பு வரையுள்ள கணக்கைப் புளியங்கொட்டை, குச்சிக் கட்டு, சில்லறைக் காசு, தராசு, அளவு நாடா வைத்துப் பிள்ளையோடு சேர்ந்தே புதிதாகக் கற்றுக்கொள்ள முடியும். பத்துக் குச்சியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் ஒரு பத்து, பத்துக் கட்டைச் சேர்த்துக் கட்டினால் நூறு. கழித்தலில் கடன் வாங்குவது என்பது கட்டை அவிழ்ப்பதுதான் என்று கையால் செய்த பிள்ளைக்கு அந்த முறை மறக்காது. பல்லாங்குழியும் தாயமும் எண்ணிக்கையையும் முன்யோசனையையும் தாமாகவே பழக்கிவிடும்.

ஏழாம் எட்டாம் வகுப்புக்குமேல் உங்களால் முடியாவிட்டால், அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் ஆள் வைக்கலாம், கான் அகாடமி போன்ற இலவச இணையப் பாடங்களைப் பயன்படுத்தலாம். எல்லாப் பாடத்தையும் ஒருவரே நடத்துவதைப் பள்ளியிலும் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் எந்தப் புத்தகம்?

பத்து வயது வரை இவை இரண்டுக்கும் புத்தகத்தை முன்னால் வைக்காதீர்கள். ஊரை முன்னால் வையுங்கள்.

எங்களுக்கு மதுரை கைகொடுக்கிறது. பக்கத்தில் கீழடி. 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில், பானை ஓட்டில் கீறிய தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துகளை மகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கூட்டிக் கூட்டி வாசிக்கப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து அந்த எழுத்துகளைப் பட்டியல் போட்டுத் தன் பெயரை எழுதினாள். அதற்குப் பிறகு பாடப்புத்தகத்தின் சங்ககாலப் பாடத்தை எடுத்தபோது, அதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று அவளே கேட்டாள். கீழக்குயில்குடி சமணர் மலை, மாங்குளம் கல்வெட்டு, திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் பேருந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் ஒரு காலைப்பொழுது பறவை பார்த்துவிட்டு வந்தால் அறிவியல் நோட்டில் சில வாரங்களுக்கு வேலை இருக்கும்.

உங்கள் ஊரிலும் இருக்கும். ஒரு கண்மாய் எப்படி நிரம்புகிறது, கலிங்கு எதற்கு, மடை எப்போது திறக்கிறார்கள், மறுகால் எங்கே போகிறது என்று ஓர் ஆண்டு முழுக்கப் பார்த்த பிள்ளைக்கு நீரியல், வேளாண்மை, ஊராட்சி மூன்றும் ஓரளவு தெரிந்திருக்கும். சோதனைகளுக்கு அரவிந்த் குப்தாவின் தளத்தைப் பாருங்கள். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய செய்தித்தாள் என்று வீட்டில் கிடக்கும் பொருளில் அறிவியல் பொம்மைகள் செய்யக் காட்டுகிறார், எல்லாம் இலவசம்.

பதினொன்று பன்னிரண்டு வயதில் புத்தகத்துக்கு வந்தால் போதும்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

கல்வி உரிமைச் சட்டம் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்று பள்ளிகளுக்கு வரையறுக்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம். அதே சட்டம் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்று கணக்கு வைக்கிறது. உங்கள் முன்னால் ஒரே பிள்ளை. ஆறேழு வயதில் ஒரு மணி நேரம், பத்து வயதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் ஏராளம். மீதி நேரம் விளையாட்டு, வாசிப்பு, வீட்டு வேலை, நண்பர்கள்.

பள்ளியிலிருந்து நடுவில் எடுத்திருக்கிறோம். புத்தகத்தைக் கண்டாலே அழுகிறான்.

அப்படியானால் பாடத்திட்டப் பேச்சையே கொஞ்ச காலம் ஒத்திப்போடுங்கள். பள்ளியில் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதம் ஓய்வு என்று ஹோம் ஸ்கூலிங் குடும்பங்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். நான்காம் வகுப்பில் எடுத்த பிள்ளைக்கு நான்கு மாதம். கல்லில் எழுதிய விதியில்லை, ஆனால் திசை சரியானது. தூங்கட்டும், சைக்கிள் ஓட்டட்டும், நீங்கள் கதை வாசித்துக் காட்டுங்கள். அடி வாங்கியோ அவமானப்பட்டோ வந்த பிள்ளைக்கு முதலில் உங்கள் முகத்தில் ஆசிரியர் தெரியக்கூடாது. தானாக ஒரு கேள்வியோடு வரும் நாளில் தொடங்குங்கள்.

இரண்டு பிள்ளைகள், வேறு வேறு வயது. இரண்டு பாடத்திட்டமா?

கணக்கும் வாசிப்பும் தனித்தனி. மற்றதெல்லாம் சேர்த்தே. ஒரே கதை, ஒரே பயணம், சின்னவன் படம் வரைவான், பெரியவள் ஒரு பக்கம் எழுதுவாள்.

சரி, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு என்ன செய்வது? இதுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்களின் பயம்.

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை இந்த முடிவுக்கு அவசரமில்லை. ஆனால் வழிகள் எவை என்று முதல் நாளே தெரிந்திருந்தால் மனது நிதானமாக இருக்கும், பெரியவர்களுக்கும் பதில் சொல்ல முடியும்.

ஒன்று, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், சென்னையில் மண்டல மையம் உண்டு. பத்தாம் வகுப்புக்குச் சேரக் குறைந்தது 14 வயது, பன்னிரண்டுக்கு 15. குறைந்தது ஐந்து பாடம் எடுக்க வேண்டும், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். ஓவியம், மனையியல், கர்நாடக இசை போன்றவையும் பாடப் பட்டியலில் உண்டு. ஒரு முறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள். ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். நாட்டில் ஹோம் ஸ்கூலிங் பிள்ளைகளில் பலர் போகும் வழி இதுதான், எங்கள் மகளுக்கும் இதையே நினைத்திருக்கிறோம். ஓர் எச்சரிக்கை: இங்கே கணக்கை எடுக்காமலும் பத்தாவது முடிக்கலாம். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். பதினான்கு வயதில் மூடும் கதவு பதினேழில் தேவைப்படலாம்.

இரண்டு, தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வர் வழி. பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் எட்டாம் வகுப்பையும், பதினான்கரை வயது முடிந்தவர்கள் பத்தாம் வகுப்பையும் நேரடியாக எழுதலாம். பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சியில் முன்பே பெயர் பதிந்து வகுப்புக்குப் போய்வர வேண்டும், இதைத் தவறவிட்டால் அந்த ஆண்டு அறிவியல் எழுத முடியாது. அறிவிப்பு வரும் தேதிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். சமச்சீர் புத்தகத்திலேயே தமிழ்வழியில் வளர்ந்த பிள்ளைக்குப் பொருத்தமான வழி.

மூன்று, பத்தாம் வகுப்புக்கு இணையான பன்னாட்டுத் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. பதிவு பெற்ற மையம் மூலம் தனித்தேர்வராக எழுதலாம். பாடம் நன்றாகவே இருக்கும், புரிந்து எழுத வைக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டணம் ஆயிரக்கணக்கில் ஆகும், எல்லா ஊரிலும் மையம் கிடைக்காது. இந்தியக் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.யு. எனப்படும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் இணைச்சான்று விதிகளைப் பார்த்து, பாடங்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

சி.பி.எஸ்.இ.யைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பள்ளியில் ஒன்பதாவதும் பத்தாவதும் படிக்காமல், வீட்டிலிருந்தே முதல்முறையாக சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழியில்லை. அந்தப் போர்டுதான் வேண்டும் என்றால் ஒன்பதாம் வகுப்பிலாவது பள்ளியில் சேர்க்க வேண்டியிருக்கும்.

என்.ஐ.ஓ.எஸ். படித்தால் நீட், ஜே.இ.இ. எழுத விடுவார்களா?

எழுதலாம். ஜே.இ.இ. மெயினுக்கு ஐந்து பாடங்களுடன் பன்னிரண்டு முடித்திருக்க வேண்டும். நீட் தேர்வில் 2018இல் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களைத் தடுக்கும் விதி வந்தது, டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு அதை ரத்து செய்தது. மாநில அரசு வேலை, மாநிலக் கல்லூரிச் சேர்க்கைக்கான விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பிலேயே படித்துப் பாருங்கள். யார் சொன்னாலும், நான் சொன்னாலும், காதால் கேட்டதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வீட்டில் படிப்பதால் கிடைக்காமல் போவதையும் சொல்ல வேண்டும். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் உதவித்தொகையும் குறிப்பிட்ட பள்ளிகளில் படித்தவர்களுக்கே. குடும்பத்துக்கு இவை முக்கியம் என்றால் ஆறாம் வகுப்புக்கு முன்பே யோசியுங்கள். அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு, மாலையிலும் விடுமுறையிலும் இங்கே சொன்னவற்றையெல்லாம் வீட்டில் செய்வது மதிப்பான வழி. அதைக் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை.

எடுத்த பாடத்திட்டம் சரியில்லை என்று எப்படித் தெரியும்? எப்போது மாற்றுவது?

ஒரு வாரச் சிணுங்கலை வைத்து மாற்ற வேண்டாம். மூன்று மாதம் கொடுங்கள். அதற்குப் பிறகும் தினமும் கண்ணீரோடுதான் பாடம் தொடங்குகிறது என்றால், அல்லது பக்கங்கள் முடிகின்றன, பிள்ளையால் எதையும் தன் சொல்லில் சொல்ல முடியவில்லை என்றால், மாற்றுங்கள். முழுவதையும் தூக்கிப் போடாமல் எந்தப் பாடத்தில் சிக்கல் இருக்கிறதோ அதை மட்டும் மாற்றுங்கள். வாசிப்பில் மட்டும் நீண்ட நாள் தடுமாற்றம் இருந்தால், பாடத்திட்டத்தைக் குறை சொல்லும் முன் கண் பரிசோதனையும் டிஸ்லெக்ஸியா (வாசிப்பைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) பரிசோதனையும் செய்துவிடுங்கள். சான்றிதழ் இருந்தால் பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் கிடைக்கும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிறது என்பது மாற்றுவதற்கான காரணமில்லை.

ஒரு வேளை நடுவில் பிள்ளையே பள்ளிக்குப் போகிறேன் என்று சொன்னால்?

அனுப்புங்கள். பிள்ளை கேட்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, ஆறு வயது தாண்டியும் பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களுக்கு ஈடாக வரச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. இது 14 வயது வரை பொருந்தும். அரசுப் பள்ளியில் ஆண்டின் நடுவிலும் கேட்டுப் பாருங்கள். தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார், பழைய டி.சி. இருந்தால் அது, பிள்ளையின் சில நோட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், தான் என்ன படித்தோம் என்று அதுவே சொல்லட்டும்.